விசிலுக்கு முன் ஒரு கட்டு வேர்

உனைசி பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறாள். ஃபிஜியின் கிங்ஸ் ரோட்டில், அவள் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் ஒரு கரும்பு லாரி குழாயைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது. அதைப் பின்னால் வரச்சொல்லிக் கையசைக்கும்போது அவள் முதுகைக் காட்டுவதில்லை; முகம் லாரியைப் பார்க்க, கால் பின்னால் போகிறது. கை நீட்டினால் முழங்கை மடங்காது. அவள் கால்பந்து நடுவர் என்பதால் டிரைவர்களுக்கு இது பழகிவிட்டது. "ஆஃப்சைடா உனைசி?" என்று கேட்பார்கள். "பாதி டயர் ஆஃப்சைடு, பின்னால எடு" என்பாள்.

ஆள் உயரமில்லை. உருண்டைக் கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வைத்துவிட்டு வருவாள். அன்று காலை தேவாலயத்தில் அவளுக்குக் கடைசி பெஞ்சு. கணுக்கால் வரை சுலு என்ற சுற்றுத்துணி கட்டியிருப்பாள், அதற்குள் கறுப்பு அரைக்கால் சட்டை. கடைசி ஆமென் சொன்ன கையோடு பஸ் ஏறிவிடுவாள். பஸ்ஸிலேயே சுலுவை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கணவன் செமி அவித்துக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்று முடிப்பாள். "அவன் புள்ளைய பாத்துக்கலன்னா நான் வீட்டு வாசல் வரைக்குந்தான் ஓடியிருப்பேன்" என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வாள்.

மைதானத்தில் வசவுக்குப் பஞ்சமில்லை. பெண் விசில் ஊதினால் இரட்டிப்பாக வரும். "அடுப்புல டாரோக் கிழங்கு கருகுது, போய்ப் பாரும்மா" என்று வேலியோரம் ஒருவன் ஒவ்வொரு வாரமும் தவறாமல் கத்துவான். அவள் காதில் விழாத மாதிரி இருப்பாள். ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும்போது என்னிடம் மட்டும், "கருகட்டும் ராகினி, செமி பாத்துப்பான்" என்பாள்.

நான் அவளோடு கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவர். எங்கள் ஊர் நடுவர் குழுவில் பெண்கள் நாங்கள் நாலு பேர். பல வருடங்களாக எங்களுக்கு ஓரத்தில் கொடி, அல்லது பள்ளிக்கூடப் பெண்களின் ஆட்டம். ஆண்கள் ஆட்டத்தில் நடுவில் நின்று விசில் ஊதும் வாய்ப்பு மட்டும் வந்ததே இல்லை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வேடிக்கை. செவ்வாய் மாலை ஓட்டப் பயிற்சி முடிந்ததும் ஆண்கள் பின்னால் உள்ள கொட்டகையில் யங்கோனா வேரை இடித்துக் குடிப்பதற்குத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். சிரட்டை மூன்று சுற்று வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுவார்கள். நாங்களோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்போம். கேட்டால் தலைவர் ஆர்மோகம் மாஸ்டர், "இருந்தவனுக்குக் குடுத்தேம்மா, நீங்களும் வந்து உக்காருங்க, யாரு வேணாம்னா?" என்பார். மனசாரத்தான் சொல்வார். பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்தால் வீட்டில் உலை யார் வைப்பது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உனைசியால் அப்படி இருக்க முடியவில்லை. அந்த ஆகஸ்டில் தலைநகர் சுவாவிலிருந்து மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. ஆண்கள் ஆட்டத்தில் நடுவில் நிற்பதை அவர் பார்த்தால்தான் தேசிய நடுவர் பட்டியலுக்குப் பெயர் போகும். புதிதாகச் சேர்பவர்களுக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

ஒரு செவ்வாயன்று அவள் பஸ்ஸுக்கு ஓடவில்லை. பையிலிருந்து ஒரு கட்டு யங்கோனா வேரை எடுத்தாள். செய்தித்தாள் சுற்றி, நாடா கட்டி, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவது போலிருந்தது. கொட்டகைக்குள் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டை மாஸ்டர் முன் வைத்து, தலை குனிந்து, முறையாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னாள். நான் கதவோரம் பயந்துகொண்டு நின்றேன். வேரை வாங்கிக்கொண்டால் கொடுத்தவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும், இங்கே அதுதான் முறை. மாஸ்டர் ஏதோ பிள்ளையின் பிறந்தநாள் என்று நினைத்திருக்க வேண்டும். கட்டைத் தொட்டு, கையைக் குவித்துத் தட்டி, ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உனைசி தலையை நிமிர்த்தினாள்.

"மாஸ்டர், ஆட்டம் முடிஞ்சு பாதிப் பேரு பஸ் ஏறினப்புறம் போட்ட கோல் செல்லுமா?"

"எப்பிடிம்மா செல்லும்?"

"அப்ப நாங்க பஸ் ஏறினப்புறம் நீங்க பிரிக்கிற ஆட்டம் மட்டும் எப்பிடிச் செல்லுது?"

கொட்டகையே சிரித்தது. ஜோனி மட்டும் சிரிக்கவில்லை. ஆகஸ்ட் ஆட்டம் தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவன் அவன்.

"இதுக்குத்தான் வேரா? மாஸ்டர், திருப்பிக் குடுத்துருங்க."

"கை தட்டி வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டு நான் இந்த ஊர்ல நடமாட முடியுமாடா?" மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "சரி. அடுத்த வாரத்திலேருந்து கிரவுண்டிலயே, எல்லாரும் நிக்கும்போது பேரு சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லுங்க மாஸ்டர்."

"கரைச்சாச்சேம்மா."

"இன்னும் குடிக்கலயே."

மாஸ்டர் எழுந்து வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற மற்ற இரண்டு பெண்களையும் கூப்பிடச் சொல்லி, புல்தரையில் எல்லோர் முன்னாலும் ஆகஸ்ட் ஆட்டத்துக்கு உனைசியின் பெயரைச் சொன்னார். அவள் திரும்பிப் போய் முதல் சிரட்டையை ஒரே மூச்சில் குடித்தாள். அன்று எங்களுக்கு பஸ் போய்விட்டது. மாஸ்டர் தன் வேனில் வீடு வீடாகக் கொண்டுவிட்டார்.

ஆகஸ்ட் ஆட்டத்தில் மழை. முழங்கால் வரை சேற்றோடு ஓடினாள். கடைசி நேரத்தில் எங்கள் ஊர் அணிக்கு எதிராகவே பெனால்ட்டி கொடுத்தாள். வேலியோரம் தீப்பிடித்த மாதிரி இரைச்சல். அவள் விரல் பெனால்ட்டிப் புள்ளியை விட்டு அசையவில்லை. தேசியப் பட்டியலில் பெயர் வந்த அன்று, நன்றி சொல்வதற்கென்றே விடுப்பு எடுத்தாள். மாஸ்டர் வீட்டுக்குப் போனாள், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் கிழவரிடம் போனாள், ஜோனியிடமும் போனாள். "வினாக்கா ஜோனி. நீ திருப்பிக் குடுன்னு சொன்னதாலதான் மாஸ்டருக்கு ரோஷம் வந்துச்சு." அவன் அவளுக்கு ஒரு பப்பாளி கொடுத்தனுப்பினான்.

போன செவ்வாய் புல்தரையில் மாஸ்டர் பெயர் சொன்னார். ஆண்கள் ஆட்டம், நடுவில் ராகினி. "நான் கொடிதானே மாஸ்டர்" என்றேன். "உன் பேரும் காதுல விழட்டும்னுதானேம்மா உனைசி வேரு குடுத்தா" என்றார். என் பிள்ளைகளின் அப்பாவுக்குக்கூட இவ்வளவு நன்றி நான் சொன்னதில்லை. உனைசிக்கு அன்று மனதுக்குள் ஆயிரம் முறை சொன்னேன்.

ஞாயிறு மதியம் விசிலைக் கையில் இறுக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தேன். பந்து நடுவில் இருந்தது. வேலியோரத்தில் ஒருவன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். கொடிக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சட்டையில் தேசியப் பட்டியலின் புதுச் சின்னத்தோடு உனைசி, நிழலே இல்லாத எதிர்ப்பக்கக் கோட்டில், கொடியைக் கையில் பிடித்து, நான் ஊதுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.