ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒரு நிமிடம்

1. காலை 8.05: தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்திலிருந்து நடை பஸ் புறப்பட்டது.
2. 8.15: மாவு மில் நிறுத்தத்தில் கடைசிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர்.
3. 8.20: ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றோம். கண்டக்டர் விசில் கொடுத்ததும் கிளம்பினோம்.
4. 8.35: பள்ளிக்கூடம் சேர்ந்தோம். எல்லாரும் வந்துவிட்டதாகப் பெற்றோர் குழுவுக்குத் தகவல் போனது.
5. 8.55: இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வகுப்பில் இல்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தது.
6. 9.40: பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் சிறுமி இருந்தாள். காயம் எதுவும் இல்லை.
7. பிள்ளைகளை எண்ணும் பொறுப்பு கண்டக்டருடையது.

பெரம்பலூரில் எங்கள் நகர் நலச்சங்கம் கேட்டதற்காக நான் எழுதிக்கொடுத்த தாள் இது. நகல் ஒன்று என் மேசையில் இருக்கிறது. இந்த ஏழு வரிகளில் பொய் ஒன்றுகூட இல்லை. பொய் சொல்லியிருந்தால் யாராவது ஒருநாள் பிடித்திருப்பார்கள். இதைப் பிடிக்க ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் சங்கத் தலைவர் என்னிடம், எவ்வளவு தெளிவா எழுதியிருக்கம்மா என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன். சொன்ன குரல்கூட நினைவிருக்கிறது.

நடை பஸ் என்பது எங்கள் தெருக்காரர்கள் வைத்த பெயர். பள்ளியில் பிள்ளைகளைப் பரிசோதித்த டாக்டர், ஒரு மாடி ஏறினாலே பலருக்கு மூச்சு வாங்குகிறது என்று பெற்றோரை அழைத்துச் சொன்னார். பள்ளிக்கூடம் எங்கள் நகரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டுக்கு வீடு வேன், இல்லையென்றால் அப்பாவின் வண்டி. கையில் ஒரு பாக்கெட் சிப்ஸைக் கொடுத்து ஏற்றிவிட்டால் அம்மாக்களுக்குக் காலைச் சண்டை முடிந்தது. சங்கத்தில் பேசி, பிள்ளைகளை ஒன்றாக நடத்தியே கூட்டிப்போவது என்று முடிவானது. நான் கம்ப்யூட்டர் படித்தவள், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவள் என்பதால் திட்டம் என்னிடம் வந்தது. நிறுத்தங்களைக் குறித்தேன், நேரம் போட்டேன், போனில் ஒரு பட்டியல் செய்தேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால், பள்ளி வாசலில் ஒரு தட்டு தட்டினால் போதும், பெற்றோர் அத்தனை பேருக்கும் தகவல் போய்விடும். அந்தத் தகவல் போகும் சத்தம் கேட்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கண்டக்டர் தானாக வந்தவர். மூன்றாம் தெருவில் குடியிருந்தார். அரசு பஸ்ஸில், பெரும்பாலும் அரியலூர் ரூட்டில், முப்பது வருஷம் ஓடி ஓய்வு பெற்றவர். பஸ்ஸுன்னா கண்டக்டர் இல்லாம எப்புடிங்க, என்று கேட்டுக்கொண்டு முதல் நாளே பழைய தோல் பையும் விசிலுமாகத் தண்ணீர்த் தொட்டியடியில் வந்து நின்றார். முன்னால் நான், பின்னால் அவர். என்னை அவர் டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒற்றை விசில் என்றால் நிற்க வேண்டும், ரெட்டை விசில் என்றால் கிளம்ப வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரு அடி முன்னால் வைத்துவிட்டால், விசில் வராம வண்டிய நவுத்துற டிரைவர இப்பத்தான் பாக்குறேன் என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். தோல் பையில் அவித்த கடலை இருக்கும். சில நாள் மக்காச்சோளத் துண்டு, கொய்யாக் காலத்தில் கொய்யா. அம்மாக்கள் முறை வைத்து அனுப்பியது. பள்ளி வாசலில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு பிடி, அதுதான் டிக்கெட். சிப்ஸ் பாக்கெட்டோடு வரும் பிள்ளையிடம், இது லக்கேஜு, நடக்குறப்ப பிரிக்கக் கூடாது, என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் தவறாமல் திருப்பிக் கொடுப்பார். ஒரு மாதத்தில் லக்கேஜ் வருவது குறைந்தது. யாரும் யாரையும் திட்டாமல் அது நடந்தது.

அந்தச் சிறுமி எப்போதும் கடைசியில் வருவாள். குண்டான பிள்ளை. ஆரம்பத்தில் ரேஷன் கடை வருவதற்குள் இரண்டு முறை உட்காருவாள். முன்னால் போகும் பையன்கள் திரும்பிப் பார்த்து ரோடு ரோலர் என்று கத்துவார்கள். கண்டக்டர் நிதானமாக, கடைசி சீட்டு அந்தப் பாப்பாவுக்கு ரிசர்வுடா, ஒனக்கு டிக்கெட்டே கன்பார்ம் ஆவல, நீ முன்ன பாத்து நட, என்பார். அவள் அவருடைய தோல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். மூன்றாம் மாதம் ஒருநாள் உட்காராமலே பள்ளிவரை வந்துவிட்டாள். வாசலில் நின்று, மாமா நான் நிக்கவே இல்ல, என்று இரண்டு முறை சொன்னாள். அவர் அவளுக்கு இரண்டு பிடி கடலை கொடுத்தார். அதன் பிறகு சில நாள் வாரை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு நடப்பாள்.

அவர் எண்ணும் முறை வேறு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னாலிருந்து முன்னால்வரை நடந்து ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவார். எனக்கு அது வேண்டாத வேலையாகத் தெரிந்தது. பட்டியல் இருக்கும்போது ஒரே கணக்கை எதற்கு இருமுறை பார்க்க வேண்டும்? ஒருதரம் சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டேன். லிஸ்ட்டுல பேரு ஏறுனா எறங்காதுங்க டிரைவரம்மா, ஆளு எறங்கிப்புடும், என்றார். நான் கடைசி நிறுத்தமான மாவு மில்லிலேயே, கண்ணில் பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கட்டத்தை நிரப்பிவிடும் பழக்கம் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஏறுவதற்கு ஆள் இல்லை. இறங்குவதற்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கார்த்திகை மாதம், தூறல். எனக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒற்றை விசில் கேட்டது. நின்றேன். அவர் தலைகளைத் தொட்டுக்கொண்டே முன்னால் வந்தார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார். பிள்ளைகள் மழைக்கோட்டோடு ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தல கொறையுது டிரைவரம்மா."

"லிஸ்ட் சரியா இருக்கு சார். இருபத்திரெண்டு. இங்க பாருங்க." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படிக்கிற கண்ணாடி அவரிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"இன்னொரு தடவ எண்ணிப்புடுறனே."

"மழை வருது, நேரமாவுது. நீங்க விசில் குடுங்க சார்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். வேலையின் கடைசி வருஷங்களில் டிக்கெட் மெஷின் வந்ததையும், செக்கிங் வந்த அதிகாரிகள் அவர் பேச்சை விட்டு மெஷினையே கேட்டதையும் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ. ரெட்டை விசில் கொடுத்தார். கிளம்பினோம்.

அன்று பள்ளி வாசலில் பிள்ளைகள் கடலைக்குக்கூட நிற்காமல் மழைக்கு உள்ளே ஓடினார்கள். அந்தச் சிறுமி மாவு மில் வாசலில் விட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி ஓடியிருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்தபோது எங்களைக் காணவில்லை. மழையில் வழி குழம்பி பைபாஸ் பக்கம் போய்விட்டாள். சென்னைக்கும் திருச்சிக்கும் வண்டிகள் பறக்கிற ரோடு அது. பஞ்சர் கடைக்காரர் அவளைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு, ஒரு லாரி டயர்மேல் உட்கார வைத்து, துண்டு கொடுத்திருக்கிறார். அவள் வீடு எங்கே என்றுகூடச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும், எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டதாக நான் அனுப்பிய தகவல் அவள் அம்மாவின் போனில் இருந்தது. கண்டக்டர் அன்று தெருத்தெருவாக ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். கண்டுபிடித்தவரும் அவர்தான்.

அன்று மாலையே கூட்டம். என் தாளைத் தலைவர் சத்தமாக வாசித்தார். ஏழாம் வரி முடிந்ததும் சிறுமியின் அப்பா எழுந்தார். முப்பது வருஷம் பஸ்ஸுல குப்ப கொட்டுனவருக்கு இருவத்திரெண்டு புள்ளய எண்ணத் தெரியலயா, என்று கேட்டார். அவர் பயம் அப்படிப் பேச வைத்தது, அதில் தவறில்லை. யாரோ பின்னாலிருந்து, வயசாயிடுச்சுல்ல, என்றார்கள். நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். வாய் திறக்க நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

கண்டக்டர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று சொன்னார்: "விசில் குடுத்தது நாந்தாங்க. யாரு சொன்னாலும் சொல்லாட்டியும், விசில் குடுத்து வண்டி நவுந்தா அது கண்டக்டர் பொறுப்பு. தப்பு எம்மேலதான்."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரு சொன்னாலும் என்ற சொல் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

மறுவாரம் பாதிப் பிள்ளைகள் வேனுக்குத் திரும்பினார்கள். பொங்கலுக்குள் நடை பஸ் நின்றுபோனது. காரணம் கேட்டவர்களிடம், சரியான ஆள் கிடைக்கவில்லை என்று சங்கத்தில் சொன்னார்கள். நானும் ஒருவரிடம் அப்படியே சொன்னேன்.

அடுத்த வருஷம் அவர் அரியலூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சென்ற மாதம் முகவரி விசாரித்து, அவரிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடு பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்க டிரைவரம்மா, விசில் குடுக்காமலே வந்துட்டீங்களே, என்று சிரித்தார். அவித்த கடலை வந்தது. ஒவ்வொரு நிறுத்தமாகப் பிள்ளைகளை விசாரித்தார். தண்ணீர்த் தொட்டி இரட்டையர், மில்லுக்காரர் பேத்தி. கடைசியாக, அந்தப் பாப்பா இப்ப நிக்காம நடக்குதா, என்று கேட்டார்.

நடக்குது சார், என்றேன்.

அவள் வேனில் போகிறாள். ஜன்னலோரம் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பதைத் தினமும் என் மேசையிலிருந்து பார்க்கிறேன். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு, கொண்டுபோன தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவர் பேருந்து நிலையம்வரை கூடவே நடந்து வந்து என்னை ஏற்றிவிட்டார்.

நேற்று சங்கத்துக்குக் கொடுத்த தாளின் நகலை எடுத்து மூன்றாம் வரியைத் திருத்தி எழுதினேன்.

3. 8.20: ரேஷன் கடைத் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றோம். ஒரு தலை குறைகிறது என்று கண்டக்டர் சொன்னார். இன்னொரு முறை எண்ணுகிறேன் என்றார். பட்டியல் சரி, விசில் கொடுங்கள் என்று நான் சொன்னேன்.

தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, இனிமே இது எதுக்கும்மா, என்று கோப்புக்குள் வைத்தார். பெற்றோர் குழுவிலும் போட்டேன். சிறுமியின் அப்பா படித்திருக்கிறார், பதில் எழுதவில்லை. எங்கள் நகரிலிருந்து பள்ளிக்கு மூன்று வேன் போகிறது. நடந்து போகும் பிள்ளை யாரும் இல்லை. விசில் சங்க அலுவலக மேசையில் இருக்கிறது. கண்டக்டர் அந்தக் குழுவில் இல்லை. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.