எடுத்த கிணறு

சின்னசேலம் வாடகை வீட்டில் தண்ணீர் மெஷினைப் பழுதுபார்க்க வந்தவர், பழைய வடிகட்டியைக் குப்பையில் எறிந்தார். அதன் பாசி வாடையில் எங்கள் ஊர்க் கிணறு நினைவுக்கு வந்தது.

எங்களுடையது சமணக் குடும்பம். அம்மா தண்ணீரைத் துணியில் வடிகட்டுவாள். பிறகு துணியைப் புரட்டி, அதே கிணற்றுக்குள் அலசி விடுவாள்.

"வாய்க்கால்ல அலசினா இன்னாம்மா?"

"எடுத்த கெணத்துலயே வுடணும்டா. வேற தண்ணியில அந்தப் பூச்சிங்க செத்துப்பூடும்."

பிறகு நான்குவழிச் சாலைக்காக எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். கிணற்றில் மண் கொட்டியபோது அம்மா ஈரத் துணியோடு நின்றிருந்தாள்.

"வேற ஊர்லயும் தண்ணி இருக்குதும்மா, போங்க" என்றார் அதிகாரி.

"இனிமே ஒரு பூச்சி பொழைக்காதுங்க" என்று மெஷினைத் தட்டிக் காட்டினார் பழுதுபார்க்க வந்தவர்.

இந்த வீட்டில் அம்மா ஒரு மழைக்காலம்கூடப் பிழைக்கவில்லை.