தொழில் மறந்த செல்கள்

குட்லௌக் மிக்லபுஸ்ட் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டு, நான்கு மாதம் திசு வெட்டினார். வருகைப் பதிவேடு என்னிடம் இருந்தது. அவரைக் கேட்டால் முப்பது என்பார். மெழுகில் பதித்த திசுவை மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றுவது அவர் வேலை. அதை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்வது டாக்டர் ட்வெய்த்தின் வேலை. குட்லௌக்கும் பார்ப்பார். யாரும் பார்க்கச் சொன்னதில்லை.

செல்களை ஊர்க்காரர்களைப் போலப் பேசுவார். தைராய்டு செல்கள் வட்டமாக நின்று நடுவில் சுரப்பைச் சேர்த்தால் தொழில் தெரிந்தவர்கள். புற்று முற்றினால் வட்டம் கலையும், உருவம் கெடும், எந்த உறுப்பின் செல் என்றே தெரியாது. அவர்கள் தொழில் மறந்தவர்கள். பெருக மட்டும் தெரியும். மறதி கூடக்கூட நோய் மூர்க்கமாகும். வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறாரா என்று டாக்டர் கேலி செய்வார்.

1974 ஏப்ரல் 10, புதன். மறுநாள் முதல் ஈஸ்டர் விடுமுறை. அன்று மதியத்துக்குமேல் எங்கள் ஊரில் எல்லோர் காலிலும் பனிச்சறுக்குக் கட்டை முளைத்துவிடும். 2.40க்கு மீன் ஏலம் கூவும் அன்ஃபின்னின் கழுத்துக் கட்டி, திசு அழுகாமல் காக்கும் பார்மலின் ஜாடியில் வந்தது. 'கட்டி பிளக்கப்படவில்லை' என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். எழுதிவிட்டு ஆரஞ்சுப் பழப் பையோடு மலைக்குக் கிளம்பியதும் நான்தான்.

அடுத்த புதன், மலையிலிருந்து மூக்கு சிவந்து திரும்பியிருந்த டாக்டர், கட்டியின் நடுத்துண்டைப் பார்த்து, முற்றிலும் உருவிழந்த வகை என்று எழுதினார். அப்படியானால் குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். ஏலக்காரருக்குக் குரல் போய்விடும்.

குட்லௌக் அந்த அறிக்கையை அனுப்பாமல் ஒரு நாள் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மறுநாள் புதுக் கண்ணாடித் தகடு ஒன்றை டாக்டரிடம் நீட்டினார்.

"நடுவுல இருக்கறவங்க தொழில மறக்கல டாக்டர், அழுகிட்டாங்க. முழுசா போட்டதால பார்மலின் உள்ளயே போகல."

"நீங்க எப்ப டாக்டர் ஆனீங்க?"

"நீங்க மலைக்குப் போன அன்னிக்கு. இது ஓரத்துல வெட்டினது, பாருங்க."

டாக்டர் பதினொரு நிமிடம் பார்த்தார்.

"எல்லாரும் வேலையிலதான் இருக்காங்க" என்றார்.

புற்றுதான், ஆனால் வட்டம் கலையாத சாதுவான வகை. பழைய அறிக்கையை டாக்டரே கிழித்தார். தைராய்டை மட்டும் எடுத்தார்கள்.

குட்லௌக்கின் வீடு ஏலக்கூடத்துக்கு நேர் எதிரே. துறைமுக அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய புகாரின் நகல் என்னிடம் இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 5 தேதியிட்டது. காலை ஆறு மணிக்கே ஒருவர் காட் மீன் விலையைக் கூவித் தன்னை எழுப்புவதாக எழுதியிருக்கிறார்.