வெள்ளவத்தை விவாதத்தில் பிறிஜெற் சொன்னது

பிறிஜெற்றுக்கு அறுபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தட்டில் தனியாக இருக்கிறாள். துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொடுக்கும் கம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவள். கடதாசியில் ஒன்றும் பெட்டிக்குள் வேறொன்றுமாகக் கொண்டுவருகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே அவளுக்கு மனிதர்கள் மேலிருந்த மரியாதை போய்விட்டது. யாராவது கதைக்கத் தொடங்கினால் இரண்டு வசனத்துக்குள் எடைபோட்டுவிடுவாள். பெரும்பாலும் எடை குறைவாகத்தான் வரும்.

அவளுடைய கணவர் பேதுரு 2019 உயிர்த்த ஞாயிறன்று கத்தோலிக்கக் கோயிலில் குண்டு வெடித்தபோது இறந்துபோனார். அவளுக்கு அன்று காய்ச்சல், பூசைக்குப் போகவில்லை. அதைப்பற்றி அவள் யாரோடும் கதைப்பதில்லை. துக்கம் கேட்டு வருகிறவர்கள் தங்களுக்கு அழுவதற்கு இடம் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு மதவெறியைப் பற்றிய படமொன்று வந்தது. ஊரின் பெயரை மாற்றியிருந்தாலும் எந்த ஊர், எந்தக் கோயில் என்று எல்லாருக்கும் விளங்கியது. தடைசெய்ய வேண்டும் என்று ஒரு கூட்டம். பள்ளிக்கூடங்களில் காட்ட வேண்டும் என்று இன்னொரு கூட்டம். வெள்ளவத்தையில் ஒரு திரைப்பட வட்டத்தின் தலைவராக இருந்த தில்லைநாதன் என்ற ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் இதற்கு ஒரு விவாதம் ஒழுங்குசெய்தார். படத்துக்காகப் பேசச் சுமன் என்ற சட்டத்தரணி. எதிர்த்துப் பேச அஷ்பாக் என்ற பத்திரிகைக்காரர். பாதிக்கப்பட்ட ஒருவர் முன்வரிசையில் இருந்தால் நல்லம் என்று யாரோ சொல்ல, பிறிஜெற்றுக்குப் போன் வந்தது. அன்று பின்னேரம் சுமனும் எடுத்தார். அடுத்தநாள் அஷ்பாக்கும் எடுத்தார். அவள் தங்கள் பக்கம்தான் என்று இருவருமே நம்பினார்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் முதலில் போய் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம். தியேட்டரில் பதினைந்து பேர்கூட இல்லை. படத்தில் கணவனை இழந்தவள் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேலையில் மெல்ல மெல்ல மயங்கி விழுந்தாள். பிறிஜெற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு வந்த காட்சியில் சிரிப்பு நின்றது. தேடுதலுக்கு வந்தவர்களிடம் ஒரு கிறிஸ்தவப் பெண் பக்கத்துவீட்டு முஸ்லிம் இளைஞனைக் காட்டிக்கொடுக்கிறாள். அவன் கட்டிலுக்கடியில் குண்டு இருக்கிறது. அவள் முகத்தில் வெளிச்சம் விழுகிறது, வயலின் அழுகிறது, ஊரே காப்பாற்றப்படுகிறது.

அதே வேலையைப் பிறிஜெற்றும் செய்திருந்தாள். பேதுருவை அடக்கம்செய்த நாலாம் நாள் பொலிஸ் தேடுதல் வந்தது. கேளாமலே ஒரு தட்டுக் கீழே இருந்த கதவைக் கைகாட்டினாள். அங்கே ஹப்ஸா பள்ளிக்கூட யூனிபோர்ம் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மகன் ரிப்கானுக்கு இருபத்தொரு வயது, இலெக்ட்ரீஷியன் வேலை பழகிக்கொண்டிருந்தான். கொஞ்சநாளாகத் தாடி வைத்திருந்தான், அவ்வளவுதான். ஒரு அரபு ஓதல் கிதாபும் ஒரு பை நிறைய வயர்த் துண்டுகளும் அகப்பட்டன. நாலு மாதம் உள்ளே வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று விட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு இங்கே யாரும் வேலை கொடுக்கவில்லை. கட்டாருக்குப் போய்விட்டான்.

விவாதம் ஒரு சனிக்கிழமை காலை. சுமன் படைப்புச் சுதந்திரத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அஷ்பாக் நல்லிணக்கத்தைப் பற்றி அதைவிடக் கூடப் பேசினார். ஒருவரையொருவர் மிகவும் மரியாதையாகத் திட்டிக்கொண்டார்கள். சபையில் அறுபது பேர் கட்லட்டின் வாசம் வந்த பக்கம் அடிக்கடி திரும்பிக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் சுமன் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அன்ரி இந்தப் படம் என்றார்.

படத்தைப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். முக்கியமான சீன்களைப் போனில் பார்த்ததாகச் சுமன் சொன்னார். அப்படியான படத்துக்கு டிக்கெட் எடுப்பதில்லை என்பது தன் கொள்கை என்றார் அஷ்பாக். சபையில் பார்த்தவர்கள் என்று நாலு கைதான் உயர்ந்தது.

"ரெண்டு பேரும் என்ர மனுசனை உங்கட பக்கம் சேர்க்கத்தான் எனக்குப் போன் எடுத்தீங்கள்," என்றாள் பிறிஜெற். "அவர் உங்கட ஒரு பக்கத்திலயும் இல்லை. மாதம்பிட்டி மயானத்தில இருக்கிறார். படத்தில காட்டிக்குடுக்கிற பொம்பிளை சரியாத்தான் செய்யிறா. நானும் காட்டிக்குடுத்தனான். அந்தப் பொடியன்ர கட்டிலுக்குக் கீழ ஒண்டும் இருக்கேல்லை. அதை ஒருத்தரும் படம் எடுக்கமாட்டீங்கள்."

தில்லைநாதன் உடனே தேநீர் இடைவேளை என்றார். தேநீர் மேசையில், ஒரு படம் உங்களை இவ்வளவு யோசிக்க வைத்திருக்கிறதே என்று சுமன் பாராட்டினார். பெயர் போடாமல் இதை எழுதலாமா என்று அஷ்பாக் கேட்டார். அவள் கோப்பையை வைத்துவிட்டு வீதிக்கு இறங்கினாள். யாரோ போனில் வீடியோ எடுத்ததைக் கண்டிருந்தாள். அது ஹப்ஸாவிடம் போய்ச் சேருமுன் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினாள்.

ஹப்ஸா மெஷினில் இருந்தாள். பிறிஜெற் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஹப்ஸா. "அண்டைக்கே தெரியும். நான் கதவத் தொறக்கக்குள்ள நீங்க படியில நிண்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அப்படியென்றால் இத்தனை வருடமும் ஏன் என்னைக் கண்டு சிரித்தாய் என்று பிறிஜெற் கேட்டாள்.

"நீங்க குண்டில மவுத்தானவர்ட பொஞ்சாதி. உங்களுக்கு எதிரா நான் ஒரு சொல் சொன்னா அந்த நேரம் ஆரு கேப்பாங்க? நான் பயத்தில சிரிச்ச. அத அன்பு எண்டு நெனச்சிருந்தா, அது உங்கட மடத்தனம்."

பிறிஜெற் மன்னிப்புக் கேட்டாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஹப்ஸா நூலைக் கடித்தபடி கேட்டாள். ரிப்கான் லீவில் வரும்போதெல்லாம் விமான நிலையத்தில் மறித்து மணிக்கணக்காக விசாரிக்கிறார்களாம். பேர் இன்னும் எங்கோ ஒரு பட்டியலில் கிடக்கிறதாம். உங்களுக்கு இங்கிலீஷ் எழுத வருமே, அவன் பேரை எடுக்கச் சொல்லிப் பொலிசுக்கு எழுதிக்கொடுங்கள் என்றாள்.

அன்று பின்னேரமே பிறிஜெற் எழுதினாள். தான் யார், தன் கணவர் எப்படி இறந்தார், எந்த ஆதாரமும் இல்லாமல் யாரைக் கைகாட்டினாள் என்று ஒரு வரியும் மழுப்பாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சமாதான நீதவான் ஒருவரிடம் அத்தாட்சியும் வாங்கினாள். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. இரண்டாவது எழுதினாள். இப்போது மூன்றாவது போயிருக்கிறது. வீடியோவைப் பார்த்து, கோயிலில் இரண்டொருவர் அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்களுடைய எடை அவளுக்கு முன்பே தெரியும். தன்னுடையது இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

இந்த வருடம் ரிப்கான் வந்தபோதும் மறித்து விசாரித்துத்தான் விட்டார்கள். படியில் பிறிஜெற்றைக் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி இறங்கிப்போனான். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி அவன் தெருவுக்குப் போகும்வரை நின்றாள். அவன் செய்தது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது.