முதுகில் ஒட்டிய நோட்டீஸ்கள்

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கு என்மேல் திடீரென்று அன்பு வந்துவிட்டது. அதற்கு முந்தைய எட்டு வருஷமும் நான் வெறும் மக்கு. அதில் யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும் பழகியிருந்தது. நாற்பத்தெட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒருத்தியாவது மக்காக இருந்தால்தானே மற்ற நாற்பத்தேழு பேரும் மனசைத் தேற்றிக்கொள்ள முடியும்?

எனக்குப் படிக்க வராது. பாடம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சர் ஒரு தடவை சொன்னால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்லுவேன். புத்தகத்தைத் திறந்தால்தான் வம்பு. எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காது. ஒன்றைப் பிடித்து நிறுத்துவதற்குள் பக்கத்தில் இருப்பது நழுவிவிடும். வாசிக்கச் சொன்னால் முந்தின நாள் காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்துச் சமாளிப்பேன். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க 'வாசித்து' மாட்டிக்கொண்டேன். அன்றோடு என் வித்தை அம்பலமாயிற்று.

அந்த வருஷம்தான் எங்கள் அறிவியல் டீச்சரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என்னைப் போன்ற பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது என்ற பயிற்சி. நல்ல மனுஷி. போகும்போது வெறுங்கையோடு போனவர், திரும்பும்போது ஒரு ஃபைலும் கண் நிறைய இரக்கமுமாக வந்தார். இது சோம்பேறித்தனம் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே வேறு, இவர்களை மக்கு என்று சொல்லக்கூடாது, மற்றவர்கள் கேலி செய்தால் தடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனையும் நியாயமான பேச்சு. எங்கள் பள்ளி அதைச் செயல்படுத்தக் கிளம்பியபோதுதான் பேஜாராகிப்போனது.

முதலில் என்னை முன்வரிசையில் தனி பெஞ்சில் உட்கார வைத்து, 'சிறப்புக் கவனம்' என்று அட்டை எழுதி மாட்டினார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் 'ஸ்பெஷல்'. மக்கு என்று சொன்னால் அபராதம், ஸ்பெஷல் என்று சொன்னால் குற்றமில்லை. தோசை கேட்பதுபோல என்னைக் கூப்பிட்டார்கள்.

அடுத்து, கேலியை ஒழிக்க 'நட்புக் குழு' ஒன்று அமைத்தார்கள். அதற்குத் தலைவி எங்கள் வகுப்பு லீடர். பள்ளிக்கூடத்திலேயே அழகான கையெழுத்து அவளுடையது. தினமும் காலையில் வாசல் பலகையில் பொன்மொழி எழுதுவது அவள்தான். என்னைக் கேலி செய்வதிலும் அவள்தான் முதலிடம், அது மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை.

கடைசியாகப் புகார்ப் பெட்டி வந்தது. மூடியில் ஓட்டை போட்ட பழைய பிஸ்கட் டின். புகாரைப் பாதிக்கப்பட்டவரே சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும், வாய்மொழிப் புகார் ஏற்கப்படாது என்று விதி. எழுதத் தெரியாததற்காகக் கேலிக்கு ஆளாகிறவள், கேலி செய்தார்கள் என்று எழுதிப் போட வேண்டுமாம்! டின்னின் சாவி நட்புக் குழுத் தலைவியிடம் இருந்தது. வருஷம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை என்று இறைவணக்கத்தில் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

இந்த அன்பெல்லாம் ஆரம்பித்த பிறகுதான் லீடர் காகிதம் ஒட்டத் தொடங்கினாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நோட்டில் ஒரு துண்டு கிழித்து, ஏதோ எழுதி, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி என் முதுகில் ஒட்டிவிடுவாள். எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். கையை வளைத்து எடுக்கலாம் என்றால் எட்டாது. எட்டினாலும் என்ன? எடுத்துப் பார்த்தால் மட்டும் படித்துவிடப் போகிறேனா? பள்ளி விட்டதும் திருவொற்றியூரில் ரயில் ஏறிக் கொருக்குப்பேட்டையில் இறங்குவேன். அதுவரைக்கும் பெட்டியில் இருந்த சனமெல்லாம் என்னைப் படித்தது. என்னால்தான் முடியவில்லை.

வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா எங்களை விட்டுப் போய் நாலு வருஷமாகியிருந்தது. அம்மா காசிமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், எங்கள் பேச்சில் எறா. ஐஸ் தண்ணீரில் கையை விட்டபடி நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிற வேலை. குனிந்திருக்கிற பெண்களைப் பின்னாலிருந்து அடையாளம் தெரிவதற்காக, எந்த மேசை, எந்த ஷிப்ட் என்று ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொருத்தி முதுகிலும் சூப்பர்வைசர் ஒட்டிவிடுவார். பல நாள் அந்தச் சீட்டோடேயே அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அதனால் என் முதுகில் முதல் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை. பக்குவமாகப் பிய்த்து எடுத்தாள்.

"உங்க ஸ்கூல்லயும் எங்க கம்பெனி மாதிரியே முதுவுல ஒட்டித்தான் அனுப்புறாங்களா? இன்னா போட்டுகீது?"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்து சண்டை போடுவாள். சண்டை போட்டால் கையோடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எறா கம்பெனி சூப்பர்வைசர் ஏற்கெனவே இரண்டு தடவை, "பொண்ண இட்டுனு வா, இன்னொரு மேச காலியாத்தான் கீது" என்று சொல்லியிருந்தார். அம்மாவின் விரல்களை நான் தினமும் பார்க்கிறவள். அந்த மேசைக்குப் போகக்கூடாது, எப்படியாவது பத்தாவது எழுதிவிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே வெறி.

"நகம் வெட்டணுமாம்," என்றேன்.

அன்றைக்கே வெட்டிவிட்டாள். அடுத்த காகிதத்துக்குத் தலைக்கு நன்றாக எண்ணெய் வைக்க வேண்டும் என்றேன். அதற்கடுத்து தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவர வேண்டும் என்றேன். கற்பனை தீர்ந்துபோன வாரங்களில் மறுபடியும் நகத்துக்கே வந்துவிடுவேன். அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தாள். செய்து முடித்ததும் காகிதத்தை நீவி, ரேஷன் கார்டு இருக்கும் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். "உங்க ஸ்கூலு சோக்கா கவனிச்சிக்குது," என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

ஏப்ரல் மாதம் தலைமை ஆசிரியை அம்மாவை அழைத்துவரச் சொன்னார். எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி வாசலில் 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பெரிய பலகை உண்டு. அந்த நூறு எப்படி வருகிறது தெரியுமா? தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மீதி இருக்கிறவர்கள் தேறாமல் என்ன செய்வார்கள்?

அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டி, துணிப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அறையில் தலைமை ஆசிரியையும் அறிவியல் டீச்சரும் இருந்தார்கள். மேசைமேல் என் டி.சி. தயாராக இருந்தது. பக்கத்தில், திறந்து வைத்த மைப்பெட்டி.

"உங்க பொண்ணுக்கு எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம்மா," என்றார் தலைமை ஆசிரியை. "தனி பெஞ்சு போட்டோம், குழு போட்டோம், பெட்டி வெச்சோம். வீட்ல நீங்க கொஞ்சம் கவனிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். இனிமே வேற ஸ்கூல்தான் அவளுக்குச் சரி. இதுல கைநாட்டு வெச்சிட்டுப் போங்க."

வீட்டில் கவனிக்கவில்லை என்ற பேச்சை அம்மா தாங்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா இப்புடிச் சொல்லிட்ட? நீங்க ஒட்டி அனுப்புன நோட்டீஸ்ல ஒண்ணயாவது நான் செய்யாம வுட்டனா? நகம் வெட்டச் சொன்னீங்க, வெட்டுனேன். தண்ணி காய்ச்சச் சொன்னீங்க, காய்ச்சினேன். மறுபடி நகம் வெட்டச் சொன்னீங்க. வாரத்துக்கு மூணு தபா ஒரு பொண்ணுக்கு எங்கேர்ந்து நகம் மொளைக்கும்? அப்பவும் வெட்டுனேன்! வேணும்னா பாத்துக்க."

பையைக் கவிழ்த்தாள். இருபத்தாறு காகிதங்கள் டி.சி.யின் மேல் விழுந்தன. சிலவற்றில் காய்ந்த பருக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியை ஒன்றை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைப் படிக்காமல் அறிவியல் டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். யாருடைய கையெழுத்து என்று இரண்டு பேருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அன்று காலைகூட வாசல் பலகையில் பார்த்த கையெழுத்துதான்.

"இதெல்லாம் நோட்டீஸ் இல்லம்மா," என்றார் டீச்சர், மெல்ல.

"பின்ன இன்னா? சத்தமா படி, கேக்கறேன்."

டீச்சர் காகிதத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நீதான படிச்சிச் சொன்ன?"

ஒன்பது வருஷமாக ஊருக்கே தெரிந்திருந்த விஷயம், அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.

"எனக்குப் படிக்க வராதும்மா. நானாத்தான் சொன்னேன். கிளாஸ்ல என்னைக் கிண்டல் பண்ணி ஒட்டுனது."

அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், காகிதங்களைப் பார்த்தாள். பிறகு மைப்பெட்டியை மூடினாள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உன் டிசிய நீயே வெச்சிக்கோ டீச்சரம்மா. எனக்குத்தான் எழுத்து தெரில. இத்தப் படிக்கிற ஆபீசருங்க ஊர்ல இல்லாமயா பூட்டாங்க? நான் எடுத்துனு போய் காட்டிக்கறேன்."

அறிவியல் டீச்சருக்கு அப்போதுதான் ஃபைல் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால் பரீட்சையில் இவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம், கூடுதல் நேரமும் உண்டு என்று தலைமை ஆசிரியையிடம் அவசரமாகச் சொன்னார். அது அந்த ஃபைலில் முதல் நாளிலிருந்தே இருந்ததாம். பெஞ்சும் குழுவும் பெட்டியும் செய்த அவசரத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் யாரும் போகவில்லை. தலைமை ஆசிரியை டி.சி.யை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

லீடருக்கும் தண்டனை உண்டு. எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினாள், முத்து முத்தான கையெழுத்து. என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை.

மறு வருஷம் நான் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதினார். தேறிவிட்டேன். வாசல் பலகையில் நூறு அப்படியே இருந்தது. ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியை எங்கள் பள்ளியின் சிறப்புக் கவனத்தைப் பற்றிப் பேசி என்னை மேடையில் நிற்க வைத்தார். நட்புக் குழுத் தலைவிக்குச் சேவைக்கான கோப்பை கிடைத்தது. நானும் கைதட்டினேன், பழக்கம்தானே.

அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் நானே என்னோடு மல்லுக்கட்டி எழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, அது நின்ற பிறகு அடுத்தது. ஒரு கம்பெனியில் டெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்தது. அம்மா விரல் மடங்காமல் போய், எறா கம்பெனியை விட்டு நின்றிருந்தாள். மணலி புதுநகருக்கு வீடு மாறுவதற்காக டிரங்குப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தோம். மூடியின் உட்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பேனாவால் வரைந்த சின்னப் பூ.

"பூ போட்டு கீதேன்னு அத்த மட்டும் தனியா ஒட்டி வெச்சேன்," என்றாள் அம்மா. "மத்ததெல்லாம் கிண்டலா இருந்தாலும் இது நல்லதாத்தான் எழுதியிருப்பாங்க. இன்னா போட்டு கீது, படி."

நான் படிக்கக் கற்றுக்கொண்டதை அம்மாவிடம் சரியாகக் காட்டிக்கொண்டதே இல்லை. இதுதான் சமயம் என்று ஆசையாக விரலை வைத்தேன். நேரம் பிடித்தது, ஆனால் ஒரு எழுத்தும் நழுவவில்லை. 'உங்க அம்மா ரயில்ல ஏறினா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாமே. வீடு பூரா எறா நாத்தமா?'

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகம் வெட்டணுமாம்," என்றேன்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மடங்காத கையால் என் கன்னத்தைத் தடவினாள். "இத்தினி வருசம் ஆச்சு. இன்னுமாடி உனக்குப் படிக்க வரல?"

"வரலம்மா," என்றேன்.