விரலுக்கு எழுதிய தபால் அட்டை

இஸ்திரி அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாரும் கிடையாது. தையல் ஆலையில் பத்தொன்பது வருஷமாகச் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுகிறவள். துணிக்கு அடியில் ஒரு நூல் சுருண்டு கிடந்தாலும் போதும், விரலால் ஒரு தடவு தடவி, “பிரிச்சுத் தை” என்று மேஜை மேல் விட்டெறிவாள். சூப்பர்வைசரே அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார். அப்பேர்ப்பட்டவள் ஒரு தபால் அட்டைக்காக நாலு மாதம் நாயாய் அலைந்தாள் என்றால் நம்புவீர்களா?

எல்லாம் அவள் அண்ணனுக்காக. டவுன் பஸ் டிரைவர், இருபத்திரண்டு வருஷம் ஒரே ரூட். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. மனைவியும் இல்லாத மனுஷன் என்பதால் மகள் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். ரயிலில் ஒரு பகல் முழுக்க ஆகிற தூரம். போனவர் அங்கே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். போனைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் கேட்கும். விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தைச் சொல்லித்தர வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டார். இவள் கடிதம் போட்டாள். மகள் அதை வாசிக்க ஆரம்பித்ததும், “எனக்கு வந்ததை இன்னொருத்தர் படிச்சுக் காட்டுற பிழைப்பு வேணாம். எழுத வேணாம்னு சொல்லிடு” என்றாராம். அதற்குப் பிறகு ஆம், இல்லை, அவ்வளவுதான். சாப்பாடும் பேருக்கு. அப்பா இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது அத்தை என்று மகள் போனில் அழுதாள்.

இஸ்திரி அக்கா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இன்னொருத்தர் படிக்கக் கூடாது, அவ்வளவுதானே, நீயே படி என்று சமையலறைக்குள் போனாள்.

முதல் அட்டை ரவையால் ஆனது. பற்பசைப் பெட்டியைக் கிழித்து, மாவுப் பசையால் பெரிய பெரிய எழுத்தாக “அண்ணா, சாப்பிட்டியா” என்று எழுதி, மேலே ரவையைத் தூவிக் காயவைத்தாள். தடவினால் சொரசொரவென்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தபாலாபீஸ் கவுண்டர்காரர் கூப்பிட்டு விட்டார். டிராயர் முழுக்க எறும்பு. “உங்க அட்டைக்கு ஸ்டாம்பே தேவையில்லம்மா, தானா நடந்து போகுது” என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. அன்றைக்கு அவள் அட்டையை வாங்கி எறும்பை உதறிக்கொண்டு திரும்பினாள்.

இரண்டாவதில் ஐஸ் குச்சியும் கெட்டிப் பட்டனும். அது தட்டையாக இல்லை, முத்திரை குத்த முடியாது, கவரில் போட்டுத் தாருங்கள் என்றார் அவர். கவர் கூடவே கூடாது என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். கவரைப் பிரிக்கிற கைதான் முதலில் படிக்கும், அந்தக் கை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. அவருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஸ்கேலை எடுத்து, எவ்வளவு கனம் வரை போகும் என்று அளந்து காட்டினார்.

அதற்குள் இன்னொன்றும் அவளுக்குப் புரிந்திருந்தது. அண்ணன் எழுத்தோடு பழகியவர் இல்லை, ரோட்டோடு பழகியவர். அப்படியானால் ரோட்டையே அனுப்பிவிட்டால் என்ன?

சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்றாவது அட்டையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பழைய ஷூ லேஸை வளைத்து வளைத்து ஒட்டியது ரூட். குண்டும் குழியுமான இடத்துக்குத் தீப்பெட்டியின் உரசுகிற பக்கம். பாலத்துக்கு நீளவாக்கில் பிளந்த தீக்குச்சிகள். மார்க்கெட்டுக்கு வெங்காயப் பையின் வலை. ஆஸ்பத்திரி வளைவில் காலி மாத்திரை அட்டை, அமுக்கித் தட்டையாக்கியது. பஸ் நிற்கிற எட்டு இடத்துக்கும், ஆலையில் கழித்துப் போட்ட மெல்லிய சட்டைப் பட்டன் எட்டு. மேலே துணி போட்டு அளவான சூட்டில் இஸ்திரி போட்டாள் பாருங்கள், எல்லாம் அட்டையோடு அட்டையாகப் படிந்துவிட்டது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் அவளே தடவித் தடவிப் பார்த்தாள். பாலம் சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை பிய்த்து மறுபடி ஒட்டினாள். என்ன பொறுமை அது! பெற்ற தாய்க்குக்கூட வராது.

கவுண்டர்காரர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினார். தீப்பெட்டிப் பக்கம் வந்ததும் அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. “மார்க்கெட்டுக்கு முன்னாடி வர்ற பள்ளம்” என்று சிரித்துவிட்டு முத்திரையை ஓரமாக, பூப்போலக் குத்தினார்.

அட்டை போய்ச் சேர்ந்தது என்று மகள் சொன்னாள். தடவிப் பார்த்தாராம், தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு மாதம் போயிற்று. ஆலையில் இஸ்திரி அக்கா யாரையும் திட்டவில்லை. அவளுக்கு ஏதோ வியாதி என்றே பேசிக்கொண்டார்கள். என் அண்ணனை நான் தொலைத்துவிட்டேன் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

அப்புறம் ஒரு காலையில் கவுண்டர்காரர் ஆள் விட்டு வரச்சொன்னார். அந்த அட்டையேதான், திரும்பி வந்திருந்தது. முகவரி மகளின் கையெழுத்து. வேறு ஒரு எழுத்து கிடையாது. திருப்பிப் போட்டாள்.

லேஸ் ரோட்டில், ஏழாவது பட்டனுக்கும் எட்டாவது பட்டனுக்கும் நடுவில், புதிதாக ஒரு காக்கிப் பட்டன். டிரைவர் சட்டையில் இருந்து பிய்த்தது. ஒட்டவில்லை, ஊசி நூலால் தைத்திருந்தது, கோணல் மாணலாக, தாறுமாறாக. நூலில் இரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்பாதான் அத்தை, யாரையும் தொடவிடாமல் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தார், ஊசியைக் கொண்டா, நூலைக் கொண்டா, ரூட்டைத் தப்பா போட்டிருக்கா உன் அத்தை என்று ஒரே அதட்டல் என்று மகள் பிறகு போனில் சொன்னாள்.

இஸ்திரி அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வரிசையில் நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். கவுண்டர்காரர் அட்டையை வாங்கி, கண்ணை மூடி, மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து அந்தக் காக்கிப் பட்டனில் நின்றார். இந்த ரூட்டில்தானே நானும் தினம் வருகிறேன், இந்த இடத்தில் ஸ்டாப் கிடையாதே என்றார்.

“ஸ்டாப் இல்ல சார், எங்க வீட்டு வாசல்” என்றாள் அவள். “வேலை விட்டு வர்றப்ப நான் நடக்கக் கூடாதுன்னு, தினம் அங்க ஒரு பிரேக் போடுவாரு.”