மண் தொடாமல் சுற்றிப் போன எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் போய் வரும் தையோடு ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் தங்கையும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். மற்றப் பக்கங்களில் அண்ணனைப் பற்றிய புகழ்ச்சி நிறைய இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் புகழ்ந்தவர்களில் சிலர் அவருக்குச் செய்ததையும் யாராவது எழுத வேண்டும். அதை நான் எழுதுகிறேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும்.

அண்ணன் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் நம் ஊரில் பிறந்தார். அப்பா கரும்பு வெட்டப் போனவர். அண்ணன் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். மறு வாரமே அண்ணன் அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போனார். பகலெல்லாம் வெட்டிவிட்டு, கையில் கரும்புச் சோகை கிழித்த கோடுகளோடு சாயங்காலம் கபடி ஆடப் போவார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கைதான்.

எங்கள் வீட்டுக்கு எதிரேதான் கபடிக் களம். களத்தைத் தாண்டினால் மெயின் ரோடு, பஸ் நிற்கும் இடம். ஆடப் போகிறவர்கள் கோட்டுக்குள் கால் வைக்கும் முன் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். எங்கள் ஊர் அணிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. நம் ஊரில் பிறந்து வெளியூர் பனியனைப் போட்டு ஆடியவன் அந்தப் போட்டிக்குப் பிறகு நம் மண்ணைத் தொடக் கூடாது, களத்தில் கால் வைக்கவும் கூடாது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது.

அண்ணன் எந்த இடத்திலும் ஆடுவார். பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டும் வருவார், கார்னரில் நின்று கணுக்காலையும் பிடிப்பார், கவரில் நின்று மறித்துத் தள்ளவும் செய்வார். இதைத்தான் எல்லோரும் பெரிய திறமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திறமையால் அவருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சொந்தமாக ஓர் இடம் கிடைக்கவில்லை. கார்னரில் ஒருவன் விழுந்தால் அண்ணன் கார்னர். அவன் எழுந்து வந்துவிட்டால் அண்ணன் வெளியே. ஊர் அணியில் அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர் வைத்தார்கள். டயர் பஞ்சரானால் மாட்டுகிற ஸ்டெப்னி. அண்ணனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது அணியின் கேப்டன் எங்கள் பெரியப்பா மகன் குமார். அண்ணனும் அவரும் ஒரே வயது, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரு பொங்கலுக்கு முன் பூரணாங்குப்பத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய கார்னர் ஆட்டக்காரருக்குப் படகு தள்ளும்போது கை உடைந்துவிட்டது. "நீ வாபா. மொத்தப் போட்டியும் உனுக்குத்தான் கார்னர். எவன் வந்தாலும் உன்ன எடுக்க மாட்டோம்" என்றார்கள். அண்ணன் போனார். ஓர் இடத்துக்காகத்தான் போனார்.

அந்த ஆண்டு எங்கள் ஊர்க் களத்திலேயே இறுதி ஆட்டம். நம் ஊரும் பூரணாங்குப்பமும் மோதின. ஆட்டம் சமமாக இருந்தபோது கடைசி ரைடுக்குக் கேப்டனே பாடிக்கொண்டு வந்தார். நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது அண்ணன் விழுந்து அவர் கணுக்காலைப் பிடித்தார். விசில் ஊதும் வரை விடவில்லை. பூரணாங்குப்பம் ஜெயித்தது. கேப்டன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னையோட சரி. இனிமே இந்த மண்ண நீ தொடாத."

அண்ணன் அதற்குப் பிறகு தொடவே இல்லை. நாங்கள் எல்லோரும் களத்தின் குறுக்கே நடந்து பஸ்ஸுக்குப் போவோம். அவர் மட்டும் வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டு போவார். யாருமே இல்லாத மத்தியான வெயிலிலும் சுற்றித்தான் போவார். "எவனும் பாக்கல, குறுக்கால வாயேன்" என்று நான் திட்டினால், "பாக்கலன்னா மட்டும் அது என் மண்ணா ஆயிடுமா பாப்பா?" என்பார்.

பூரணாங்குப்பத்தில் இருந்து சேதராப்பட்டில் ஒரு கம்பெனி அணிக்குப் போனார். அங்கே ஷிப்டு வேலையும் ஆட்டமும் சேர்ந்தே இருந்தன. அங்கிருந்து டிவியில் காட்டுகிற தொழில்முறை லீக்குக்கு எடுத்தார்கள். வெளிமாநில அணிகள். ஒரு சீசன் ஓர் அணி, அடுத்த சீசன் வேறு அணி. ஆல்ரவுண்டர் என்று டிவியில் சொன்னார்கள். ஸ்டெப்னிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் போலிருக்கிறது. அம்மாதான் பாவம், திணறிப்போவார்.

"நம்ம புள்ள எந்தக் கலருடி?"

"பச்சம்மா."

"போன வாட்டி செவப்பு போட்டுனு இருந்தானே?"

"அது போன வருசம். இப்ப வேற டீம்."

"இன்னாடி இது, தீவாளிக்குத் தீவாளி சட்ட மாத்துற மாதிரி. நான் இவ்ளோ நேரம் செவப்பு சட்டக்காரனுக்குக் கும்புட்டுனு இருந்தேன்."

அண்ணன் போனில் இதைக் கேட்டு இருமும் வரை சிரித்தார்.

காயம்பட்டவன் இடத்தில் ஆடுகிறவனுக்குத் தனக்குக் காயம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்த இடமும் போய்விடும். முழங்கால் வீங்கியது. ஆட்டத்துக்கு முன் வலி ஊசி, ஆட்டத்துக்குப் பின் வலி மாத்திரை. எத்தனை சீசன் அப்படி ஓட்டினார் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. கடைசியில் ஆட்டத்தின் நடுவே மேட் விரிப்பிலேயே முழங்கால் மடங்கி விழுந்தார். அந்த அணி அதே வாரம் வேறு ஆளைப் பிடித்தது. வீட்டுக்கு வந்த அண்ணன் சேதராப்பட்டில் ஒப்பந்த வேலைக்குப் போனார். நொண்டிக்கொண்டே வாய்க்கால் கரையில் சுற்றிப் போய் பஸ் ஏறினார்.

பிறகு காலும் முகமும் வீங்கின. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வலி மாத்திரைகளை அளவில்லாமல் போட்டதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். டயாலிசிஸ் ஆரம்பித்தது. என் ஸ்கூட்டியில்தான் கூட்டிக்கொண்டு போவேன். எத்தனையோ பேரை மறித்துத் தள்ளிய மனிதர் என் முதுகில் சாய்ந்துகொண்டு வருவார். பாரமே இருக்காது. வண்டி ஓட்டிக்கொண்டே அழுதிருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன மார்கழியில் ஒரு நாள் திரும்பி வரும்போது பையன்கள் களத்தில் தண்ணீர் தெளித்துப் பொங்கல் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கேப்டனும் நின்றிருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் களத்தின் ஓரத்தில் நின்றார்.

"குமாரு, ஒரு தபா தொட்டுக்கறேண்டா. ஆட இல்ல. தொட்டுட்டுப் போயிடறேன்."

கேப்டன் தரையைப் பார்த்தார். "எனுக்கு ஒண்ணும் இல்லடா. ரூல்ஸுன்னு ஒண்ணு கீதுல்ல. உனுக்கு வுட்டா நாளைக்கு நாலு பேரு கேப்பான். பொங்கல் முடியட்டும், கூட்டம் போட்டுப் பேசிக்கலாம். வெயில்ல நிக்காத, போ."

எனக்கு வாய் நிற்கவில்லை. "குமாரண்ணா, அவரு இன்னா உங்க மண்ண மூட்ட கட்டித் தூக்கினு போவப் போறாரா?"

"வுடு பாப்பா" என்றார் அண்ணன். "கூட்டம் போடறேன்னு சொல்றான் இல்ல? போடுவான்."

களத்துக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குனிந்திருந்தால் கை எட்டியிருக்கும். குனியவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டார். வாய்க்கால் கரையில் சுற்றி வீட்டுக்கு வந்தோம். பொங்கல் வந்தது, போட்டி நடந்தது. கூட்டம் போடவில்லை. தை முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அண்ணனை எடுக்கும் அன்று காலையில் ஊர் அணியினர் அவர் படம் போட்ட பெரிய பேனர் கட்டினார்கள். கேப்டன் ஊர் பனியனைக் கொண்டு வந்தார். உடல் மேல் போர்த்த வேண்டுமாம். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது. அது பொய் அழுகை இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஊர் மரியாதம்மா. களத்துல எறக்கி வச்சி, ஒரு சுத்து சுத்தி எடுத்துனு போவலாம்" என்றார்.

நான் கேட்டேன்: "கூட்டம் போட்டாச்சாண்ணா?"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு போற வழியிலயே போவட்டும்" என்றார்.

பனியன் போர்த்தவில்லை. வெள்ளை வேட்டியோடு வாய்க்கால் கரையில்தான் கொண்டு போனோம். அது குறுகலான கரை. தூக்கியவர்கள் ஒரு கால் கரையிலும் ஒரு கால் சேற்றிலுமாக வழுக்கி வழுக்கிப் போனார்கள். பூரணாங்குப்பத்தார் முன்னால் தூக்கினார்கள், கேப்டன் பின்னால் தோள் கொடுத்தார். அண்ணன் தினமும் நொண்டி நடந்த அந்தச் சுற்று எவ்வளவு தூரம் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்த பிறகு அம்மா கேட்டார்: "செத்த பொறகாவது தொட்டுனு போயிருப்பானேடி?"

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கூட்டி ஓடாத நாளெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பக்கத்துத் தெரு அண்ணனுக்கு நன்றி. டயாலிசிஸ் அறையில் அண்ணனோடு கபடிக் கதை பேசி ஊசி குத்தியது தெரியாமல் செய்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி. ஒரு பொங்கலுக்கு ஆடியவரைக் கடைசி வரை தங்கள் கார்னராகவே நினைத்து, வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன பூரணாங்குப்பத்தாருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோள் கொடுத்த ஊர் அணிக்கும் நன்றி.

வரும் பொங்கலுக்கு அண்ணன் பெயரில் கோப்பை வைக்க ஊர் அணியினர் எங்களிடம் சம்மதம் கேட்டிருக்கிறீர்கள். கோப்பை வேண்டாம். வெளியூருக்கு ஆடப் போன பிள்ளைகளும் ஊர் மண்ணைத் தொடலாம் என்று மாற்றுங்கள், அது போதும் என்று நானும் அண்ணியும் சொன்னோம். கூட்டம் போட்டுப் பேசுகிறோம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

நாள் குறித்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் வருவேன். வாய்க்கால் கரையில் சுற்றி வர மாட்டேன். அண்ணனுக்காகக் குனிந்து மண்ணைத் தொட்டு, களத்தின் குறுக்கே நடந்து வருவேன்.